சிஆர்பி 140, கல்ச்சர் பெண்டிங்: ஆஸ்பத்திரியில் கிருமித்தொற்று ரிப்போர்ட்டைப் படிக்கும் வழி

என் அப்பா நிமோனியாவோடு வார்டிலும் அப்புறம் ஐசியுவிலும் இருந்த காலத்தில் ரிப்போர்ட் தாள்கள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றிலும் ஏதாவது ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் மேல்நோக்கிய அம்புக்குறி இருக்கும். சிஆர்பி (உடம்பின் அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) ஏறினால் நிலைமை மோசமா? டோட்டல் கவுண்ட் (வெள்ளை அணு எண்ணிக்கை) இறங்கினால் நல்லதா? கல்ச்சரில் (ரத்தம் போன்ற மாதிரியில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) ஒன்றும் வளரவில்லை என்றால் கிருமியே இல்லையா? கேட்க ஆள் கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் நின்று விளக்க அவர்களுக்கு நேரம் இருக்காது. ரவுண்ட்ஸுக்கு வந்த டாக்டர்கள், இரவுப் பணியில் இருந்த நர்ஸ்கள், லேப் டெக்னீஷியன்கள் என்று பலரிடமும் துண்டு துண்டாகக் கேட்டும், பிறகு உட்கார்ந்து படித்தும் சேர்த்துக்கொண்டதை, அதே நிலையில் நிற்கும் உங்களுக்காக வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். கல்ச்சரைத் தவிர, இங்கே பேசப்போகும் ரத்தப் பரிசோதனைகள் எதுவும் கிருமியை நேரடியாகக் காட்டுவதில்லை. உடம்பு எவ்வளவு எதிர்வினை காட்டுகிறது என்பதையே அவை அளக்கின்றன. அந்த எதிர்வினை கிருமியாலும் வரும், வேறு காரணங்களாலும் வரும். அதனால் எந்த எண்ணையும் தனியாகப் படிக்காதீர்கள். ரத்தம் எடுத்த நேரம், அதற்கு முந்தைய எண், நோயாளி அன்று இருந்த நிலை, இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மருந்தைத் தொடங்குவதும் மாற்றுவதும் நிறுத்துவதும் டாக்டரின் முடிவு. இந்தக் கட்டுரை அவரிடம் சரியான கேள்வியைச் சரியான நேரத்தில் கேட்பதற்காக மட்டும்.

1. சேர்த்த நாளே ஒரு தாள் போடுங்கள்

ஒரு நோட்டில் ஆறு பத்திகளாகக் கோடு போடுங்கள்: ரத்தம் எடுத்த தேதியும் நேரமும், பரிசோதனையின் பெயர், எண், அலகு, அந்த நேரத்தில் காய்ச்சல், மூச்சு, ரத்த அழுத்தம், அப்போது ஓடிக்கொண்டிருந்த ஆன்டிபயாட்டிக்.

பெரும்பாலான ரிப்போர்ட்டுகளில் மூன்று நேரங்கள் அச்சாகியிருக்கும். ரத்தம் எடுத்த நேரம், லேபுக்கு வந்து சேர்ந்த நேரம், முடிவு வெளியான நேரம். நீங்கள் குறிக்க வேண்டியது முதலாவதை. மாலையில் கைக்கு வரும் ரிப்போர்ட், காலையில் எடுத்த ரத்தத்தின் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும். அதற்குள் இரண்டு டோஸ் மருந்து ஏறியிருக்கலாம்.

தாள் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு மாதிரி (பரிசோதனைப் பெயர்களின் பொருள் அடுத்த பகுதியில் வரும்):

ஞாயிறு இரவு 11:15 – கல்ச்சர் இரண்டு செட் எடுத்தார்கள்.
ஞாயிறு இரவு 11:40 – முதல் ஆன்டிபயாட்டிக் டோஸ்.
திங்கள் காலை 6:10 – சிஆர்பி 96 மி.கி./லிட்டர், புரோகால்சிடோனின் 4.2, காய்ச்சல் 102, மூச்சு நிமிடத்துக்கு 28.
செவ்வாய் காலை 6:00 – சிஆர்பி 188, புரோகால்சிடோனின் 2.3, காய்ச்சல் 100, மூச்சு 22.

செவ்வாய்க்கிழமை சிஆர்பியை மட்டும் பார்த்தால் இரட்டிப்பாகியிருக்கிறது, வயிற்றைக் கலக்கும். முழுத் தாளையும் பார்த்தால் நோயாளி தேறி வருகிறார். இது ஏன் என்று நான்காம் பகுதியில் வரும்.

இதே நாளில் டாக்டரிடம் கொடுக்க வேறு சில தகவல்களையும் ஒரே பக்கத்தில் எழுதி வையுங்கள். கடந்த மூன்று மாதத்தில் சாப்பிட்ட ஆன்டிபயாட்டிக்குகள், ஆஸ்பத்திரியில் தங்கியிருந்தால் அந்த விவரம், மருந்து ஒவ்வாமை, சிறுநீரகம் அல்லது கல்லீரல் கோளாறு, பழைய கிரியேட்டினின் (சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் பரிசோதனை) ரிப்போர்ட், உடம்பில் இருக்கும் செயற்கைப் பொருட்கள் (பேஸ்மேக்கர், செயற்கை வால்வு, மாற்று மூட்டு). தினமும் எடுக்கும் மாத்திரைகளில் ஸ்டீராய்டு, மெட்ஃபார்மின் (சர்க்கரை நோய் மாத்திரை), பயோட்டின் ஆகிய மூன்றில் எது இருந்தாலும் கோடிட்டுக் காட்டுங்கள். மூன்றும் ஒவ்வொரு விதத்தில் ரத்த எண்களைக் குழப்பக்கூடியவை. முடிக்காகவும் நகத்துக்காகவும் சாப்பிடும் பயோட்டினை யாரும் மருந்து என்றே கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் சில வகை லேப் கருவிகளில் அதிக அளவு பயோட்டின் புரோகால்சிடோனின் எண்ணைப் பொய்யாகக் குறைத்துக் காட்டிவிடும்.

2. எந்தப் பரிசோதனை எதைச் சொல்கிறது

வெள்ளை அணு எண்ணிக்கை (டோட்டல் கவுண்ட்). பெரியவர்களுக்கு மைக்ரோலிட்டருக்குச் சுமார் 4,000 முதல் 11,000 வரை இயல்பு. பாக்டீரியா தொற்றில் பெரும்பாலும் ஏறும், அதிலும் நியூட்ரோஃபில் என்ற வகை வெள்ளை அணுக்களின் பங்கு கூடும். முதிராத நியூட்ரோஃபில்கள் ('பேண்ட்' என்று ரிப்போர்ட்டில் வரும்) அதிகமாக இருந்தால் எலும்பு மஜ்ஜை அவசர அவசரமாக ஆளனுப்புகிறது என்று பொருள். மலிவானது, ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். ஆனால் ஸ்டீராய்டு, அறுவை சிகிச்சை, கடுமையான வலி, வலிப்பு என எதனாலும் ஏறும். 4,000-க்குக் கீழே இறங்குவதும் ஆபத்தான அறிகுறியாக இருக்கலாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பெரும் தொற்றில் எண்ணிக்கை ஏறாமல் சரிவதும் உண்டு.

சிஆர்பி. கல்லீரல் தயாரிக்கும் புரதம். இயல்பு நிலையில் லிட்டருக்கு 5 அல்லது 10 மி.கி.க்குக் கீழே இருக்கும். உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் ஏறும். 100-ஐத் தாண்டினால் பாக்டீரியா தொற்றுக்கான சந்தேகம் வலுக்கும், அவ்வளவுதான். இன்ஃப்ளுயன்சாவிலும் கோவிடிலும் 100-ஐத் தாண்டியவர்கள் ஏராளம். 'ஹை சென்சிட்டிவிட்டி சிஆர்பி' என்று வேறொன்று உண்டு. அது இதய நோய் வாய்ப்பைக் கணிக்கப் பயன்படுவது. சீட்டில் எது எழுதியிருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.

புரோகால்சிடோனின், சுருக்கமாகப் பிசிடி. சாதாரணமாகத் தைராய்டு சுரப்பியில் சொற்ப அளவில் உருவாவது. பாக்டீரியா தொற்று உடம்பு முழுவதையும் பாதிக்கும் அளவுக்குக் கடுமையாகும்போது உடம்பின் பல திசுக்களும் இதைச் சுரக்கத் தொடங்குகின்றன. பெரும்பாலான வைரஸ் தொற்றுகளில் அந்தச் சுரப்பு அடங்கியே இருக்கும். அதனால்தான் பாக்டீரியாவா வைரஸா என்று பிரிக்க சிஆர்பியைவிட இது ஓரளவு உதவுகிறது. நுரையீரல் தொற்றுகளில் பரவலாகப் பயன்படும் அளவு இது: மி.லி.க்கு 0.1 நானோகிராமுக்குக் கீழே என்றால் பாக்டீரியா வாய்ப்பு மிகக் குறைவு, 0.1 முதல் 0.25 வரை குறைவு, 0.25-க்கு மேல் இருக்கலாம், 0.5-க்கு மேல் வாய்ப்பு அதிகம். கடுமையான செப்சிஸில் (தொற்றுக்கு உடம்பு காட்டும் எதிர்வினையே உறுப்புகளைப் பழுதாக்கும் நிலை) 10, 50, 100 என்றெல்லாம் போகும்.

லாக்டேட். இதைத் தொற்றின் அளவுகோல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். திசுக்களுக்கு ரத்தமும் ஆக்சிஜனும் போதுமான அளவு போகிறதா என்பதற்கான துப்பு இது. லிட்டருக்கு 2 மில்லிமோலுக்கு மேல் போனால் டாக்டர்கள் உஷாராவார்கள், 4-க்கு மேல் போனால் ஓடுவார்கள். கல்லீரல் கோளாறு, வலிப்பு, மெட்ஃபார்மின், மூச்சிரைப்புக்கு வைக்கும் சால்புட்டமால் நெபுலைசர் ஆகியவையும் இதை ஏற்றும். ரத்தம் எடுத்த சோதனைக் குழாய் லேபுக்குப் போகாமல் மேசையில் கிடந்தாலும் ஏறும். குழாய்க்குள் இருக்கும் சிவப்பணுக்கள் சர்க்கரையை எரித்து லாக்டேட்டை உருவாக்கிக்கொண்டே இருக்கும்.

இஎஸ்ஆர் (சிவப்பணுக்கள் குழாயில் படியும் வேகம்) மெதுவாக ஏறி மெதுவாக இறங்குவது. அவசர நிலையில் அதனால் பெரிய பயன் இல்லை. எலும்பு, மூட்டுத் தொற்று போன்ற நீண்டகால விஷயங்களில் மட்டும் கேட்பார்கள்.

சில ஆஸ்பத்திரிகளில் இன்டர்லூகின்-6, பிரெசெப்சின் போன்ற பெயர்களும் ரிப்போர்ட்டில் வரும். இன்டர்லூகின்-6 மற்ற எல்லாவற்றுக்கும் முன்பே, ஓரிரு மணி நேரத்தில் ஏறி, அதே வேகத்தில் இறங்கிவிடும். சில கருவிகள் சாதாரண ரத்த அணுப் பரிசோதனையிலேயே மோனோசைட் அணுக்களின் அளவு வேறுபாட்டைக் கணக்கிட்டு செப்சிஸ் சந்தேகத்தைச் சொல்கின்றன. இவை வந்தால் குறித்து வையுங்கள். இவை வரவில்லை என்று கவலைப்படத் தேவையில்லை.

3. கல்ச்சர் முதலில், ஆன்டிபயாட்டிக் உடனே பின்னால்

இந்தப் பகுதியை மெதுவாகப் படியுங்கள். ஆரம்பத்தில் விட்டுவிட்டால் திரும்பப் பெற முடியாத ஒரே விஷயம் இதுதான்.

இங்கே பேசும் பரிசோதனைகளில், எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று சொல்லக்கூடியது கல்ச்சர் மட்டுமே. முதல் டோஸ் ஆன்டிபயாட்டிக் உள்ளே போன பிறகு எடுத்தால் கிருமி வளர்ந்து வரும் வாய்ப்பு கணிசமாகக் குறைந்துவிடும். அதனால் வரிசை இப்படி இருக்க வேண்டும்: கல்ச்சருக்கு ரத்தம், அடுத்து மருந்து. அதே சமயம், கல்ச்சருக்காக மருந்தைத் தள்ளிப்போடவும் கூடாது. செப்சிஸுக்கான 2021-ஆம் ஆண்டு சர்வதேச வழிகாட்டுதல், அதிர்ச்சி நிலையில் (ரத்த அழுத்தம் ஆபத்தாகச் சரிந்த 'ஷாக்') இருப்பவருக்கும் செப்சிஸ் வாய்ப்பு மிக அதிகமாக உள்ளவருக்கும் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் தரச் சொல்கிறது. அதிர்ச்சி நிலை இல்லாமல், சந்தேகம் மட்டும் இருந்தால் விரைவாகச் சோதித்துப் பார்த்து, சந்தேகம் நீங்காவிட்டால் மூன்று மணி நேரத்துக்குள் தரச் சொல்கிறது. ரத்தம் எடுக்கச் சில நிமிடங்கள்தான் ஆகும். இரண்டையும் செய்ய நேரம் இருக்கிறது.

நீங்கள் கேட்க வேண்டிய வாசகம் இது: "கல்ச்சர் எடுத்தாச்சா சிஸ்டர்? எத்தனை செட்?"

ஒரு செட் என்பது பெரும்பாலும் இரண்டு பாட்டில். ஒன்று காற்றில் வளரும் கிருமிக்கு, மற்றொன்று காற்றில்லாமல் வளரும் கிருமிக்கு. பெரியவர்களுக்குப் பாட்டிலுக்கு 8 முதல் 10 மி.லி. ரத்தம் வேண்டும். இரண்டு வெவ்வேறு இடங்களில் இருந்து இரண்டு செட் எடுப்பது நல்ல முறை. மொத்தத்தில் 40 மி.லி. வரை போகும். "இவ்வளவு ரத்தமா?" என்று வீட்டார் தடுப்பதைப் பார்த்திருக்கிறேன். தடுக்காதீர்கள். ரத்தத்தில் கிருமிகள் மிகச் சொற்பமாகவே இருக்கும், ரத்தத்தின் அளவு குறைந்தால் கிருமி சிக்காமலே போய்விடும்.

எடுக்கும் முறையையும் கவனியுங்கள். தோலைக் கிருமிநாசினியால் துடைத்துவிட்டு அது காயும்வரை காத்திருக்க வேண்டும். பாட்டிலின் மூடிக்கு அடியில் இருக்கும் ரப்பரையும் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். ஏற்கனவே கையில் மாட்டியிருக்கும் பழைய ஐவி ஊசியில் இருந்து எடுக்காமல் புதிதாகக் குத்தி எடுப்பதே நல்லது. இதில் தவறினால் தோலில் சும்மா இருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் வகைகள் பாட்டிலுக்குள் போய் வளர்ந்து, இல்லாத நோய்க்கு மருந்து கொடுக்க வைத்துவிடும். இரண்டு செட் எடுக்கச் சொல்வதற்கு இதுவும் காரணம். நான்கு பாட்டிலில் ஒன்றில் மட்டும் அந்தத் தோல் கிருமி வந்தால் அது பெரும்பாலும் கலப்படம்.

நேரக் கணக்கு இப்படி. பாட்டில் இயந்திரத்துக்குள் போனதும் கிருமி வளர்ந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் இயந்திரம் சமிக்ஞை கொடுத்துவிடும். உடனே 'கிராம்' என்ற சாயமிட்டு, எந்த வகைக் கிருமி என்று மைக்ரோஸ்கோப்பில் பார்த்து லேபில் இருந்து வார்டுக்குப் போன் வரும். கிருமியின் பெயர் தெரிய இன்னும் சில மணி நேரம் முதல் ஒரு நாள் வரை ஆகலாம். எந்த மருந்து கேட்கும் என்ற பட்டியலுக்கு மேலும் ஒன்றிரண்டு நாள். ஒன்றும் வளராவிட்டால் ஐந்து நாள் வைத்திருந்து அதன் பிறகே 'வளர்ச்சி இல்லை' என்று இறுதி ரிப்போர்ட் தருவார்கள். 48 மணி நேரத்தில் வரும் 'வளர்ச்சி இல்லை' என்பது இடைக்கால ரிப்போர்ட்.

இறுதி ரிப்போர்ட்டிலும் ஒன்றும் வரவில்லை என்பதால் தொற்று இல்லை என்று ஆகிவிடாது. செப்சிஸ் நோயாளிகளிலேயே பாதிக்கும் குறைவானவர்களுக்குத்தான் ரத்தக் கல்ச்சரில் கிருமி வளர்கிறது. சிறுநீர், சளி, காயத்துச் சீழ் என்று சந்தேகமான இடத்தில் இருந்தும் கல்ச்சர் போயிருக்கிறதா என்று கேளுங்கள்.

மருந்துப் பட்டியலைப் படிக்கும்போது ஒரு பொறி உண்டு. ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே கேட்கும், கேட்காது என்பதற்கான எழுத்தோடு 'எம்ஐசி' (கிருமி வளர்வதைத் தடுக்கத் தேவையான மிகக் குறைந்த மருந்தளவு) என்று ஓர் எண்ணும் இருக்கும். ஒரு மருந்துக்கு 0.5, இன்னொன்றுக்கு 4 என்றால் முதல் மருந்துதான் சிறந்தது என்று தோன்றும். அப்படி ஒப்பிடக் கூடாது. ஒவ்வொரு மருந்துக்கும் எல்லைக்கோடு வேறு. தவிர, அந்த மருந்து தொற்று இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேருமா என்பதும் இருக்கிறது. அந்தப் பட்டியலில் இருந்து மருந்தைத் தேர்வது டாக்டரின் வேலை.

4. மணிக்கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

பிசிடி, தொற்று தொடங்கி 3 முதல் 6 மணி நேரத்தில் ஏறத் தொடங்கும். ஒரு நாளுக்குள் உச்சம் தொடும். காரணம் அடங்கினால் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ பாதியாகக் குறையும்.

சிஆர்பி ஏறத் தொடங்க 6 முதல் 8 மணி நேரம் ஆகும். உச்சம் தொட இரண்டு நாள் பிடிக்கும். ரத்தத்தில் அதன் அரை ஆயுள் சுமார் 19 மணி நேரம்.

இந்த வித்தியாசத்தை வைத்துக்கொண்டு மேலே உள்ள மாதிரித் தாளைப் பாருங்கள். மருந்து வேலை செய்யத் தொடங்கிவிட்டது, பிசிடி இறங்கிவிட்டது, காய்ச்சலும் மூச்சும் சீராகின்றன. சிஆர்பி மட்டும் இன்னும் பழைய உத்தரவின்படி ஏறிக்கொண்டிருக்கிறது. முதல் 48 மணி நேரத்தில் சிஆர்பி ஏறுவதை வைத்து மருந்து தோற்றுவிட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மூன்றாம் நான்காம் நாளிலும் இறங்கவில்லை என்றால் கேள்வி கேட்கலாம். மருந்து பொருந்தவில்லையா, சீழ்க்கட்டி எங்காவது இருக்கிறதா, நோயே வேறா என்று டாக்டர்களும் அப்போது மறுபடி தேடுவார்கள்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. காய்ச்சல் வந்து இரண்டு மணி நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தவருக்கு முதல் சிஆர்பியும் பிசிடியும் இயல்பாக இருப்பதில் ஆச்சரியமில்லை. "ரிப்போர்ட் நார்மல், கூட்டிக்கொண்டு போங்கள்" என்றால், நோயாளியின் நிலை சரியாக இல்லாதபோது, 6 முதல் 12 மணி நேரம் கழித்து மறுபடி பார்க்கலாமா என்று கேளுங்கள்.

5. அலகைப் பார்க்காமல் எண்ணை ஒப்பிடாதீர்கள்

சில லேப்கள் சிஆர்பியை லிட்டருக்கு மி.கி. என்று தருகின்றன, சில டெசிலிட்டருக்கு மி.கி. என்று தருகின்றன. இரண்டுக்கும் பத்து மடங்கு வித்தியாசம். வெளி லேபில் 14 என்று வந்தது ஆஸ்பத்திரியில் 140 என்று வந்தால் ஒருவேளை எதுவுமே மாறாமல் இருந்திருக்கலாம். லாக்டேட்டிலும் இதே சிக்கல்: 1 மில்லிமோல்/லிட்டர் என்பது சுமார் 9 மி.கி./டெசிலிட்டர். பிசிடியில் மட்டும் நிம்மதி. மி.லி.க்கு நானோகிராமும் லிட்டருக்கு மைக்ரோகிராமும் ஒரே எண்ணைத்தான் தரும்.

அலகு ஒன்றாக இருந்தாலும் கருவி வேறாக இருந்தால் பிசிடி எண்கள் கொஞ்சம் முன்பின் ஆகும். தொடர்ந்து பார்க்கப்போகும் பரிசோதனையை ஒரே லேபில் செய்வதே நல்லது.

6. எண் ஏமாற்றும் இடங்கள்

கிருமி இல்லாமலே ஏறுவது: பெரிய அறுவை சிகிச்சை, விபத்துக் காயம், தீக்காயம் ஆகியவற்றுக்குப் பிறகு சிஆர்பியும் பிசிடியும் இரண்டுமே ஏறும். அறுவைக்குப் பிறகு சிஆர்பி இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சம் தொட்டு இறங்குவது இயல்பு. இறங்கிய பிறகு மறுபடி ஏறினாலோ, நான்காம் நாளுக்குப் பிறகும் இறங்காமல் நின்றாலோதான் யோசிக்க வேண்டும். கணைய அழற்சி, கௌட், முடக்குவாதம், சில புற்றுநோய்கள் சிஆர்பியை ஏற்றும். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கும் டயாலிசிஸில் இருப்பவர்களுக்கும் பிசிடி எப்போதுமே கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அவர்களுக்கு 0.5 என்ற கோட்டை அப்படியே பொருத்தக் கூடாது. ஒரு வகைத் தைராய்டு புற்றுநோயிலும், இதயம் நின்று மீட்கப்பட்டவர்களிலும், மலேரியாவிலும் பிசிடி ஏறும். பிறந்த முதல் இரண்டு மூன்று நாளில் குழந்தைக்கு அது இயல்பாகவே உயர்ந்து இறங்கும். பச்சிளம் குழந்தைகளுக்கு மணிக்கணக்கில் வேறு அட்டவணையே உண்டு, பெரியவர்களின் எண்ணோடு ஒப்பிட வேண்டாம்.

கிருமி இருந்தும் ஏறாதது: இதுதான் அதிக ஆபத்து. ஓரிடத்தில் சுவர் கட்டி உட்கார்ந்திருக்கும் சீழ்க்கட்டி, எலும்புத் தொற்று, இதய வால்வில் படிந்த தொற்று ஆகியவற்றில் பிசிடி குறைவாகவே இருக்கலாம். மைக்கோபிளாஸ்மா போன்ற கிருமிகளின் நிமோனியாவிலும் அப்படித்தான். கல்லீரல் மிகவும் பழுதானவருக்கு சிஆர்பி தயாரிக்கவே தெம்பு இருக்காது. டோசிலிசுமாப் என்ற ஊசி (இன்டர்லூகின்-6-ஐத் தடுக்கும் மருந்து) போட்டவருக்கு சிஆர்பி வாரக்கணக்கில் அடங்கியே கிடக்கும், அதைப் பார்த்து நிம்மதி அடைய முடியாது. கீமோ எடுத்தவருக்கு வெள்ளை அணுவே மிகக் குறைவாக இருக்கலாம், ஏறுவது எப்படி?

வயதானவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காய்ச்சலே இல்லாமல், டோட்டல் கவுண்டும் இயல்பாக, கடுமையான தொற்று இருக்கலாம். திடீரென்று குழம்பிப் பேசுவது, வேகமாக மூச்சு வாங்குவது, சிறுநீர் குறைவது, கைகால் சில்லென்று ஆவது, ரத்த அழுத்தம் இறங்குவது: இவற்றில் ஏதாவது தெரிந்தால் ரிப்போர்ட் என்ன சொன்னாலும் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். நாள் முழுக்கப் பக்கத்தில் இருக்கும் உங்களுக்குத்தான் "அப்பா நேற்று இப்படி இல்லை" என்பது தெரியும். அந்த வாக்கியத்துக்கு எந்தப் பரிசோதனையும் ஈடாகாது.

7. செலவு: எதை எத்தனை முறை

டோட்டல் கவுண்டும் சிஆர்பியும் மலிவானவை. பிசிடி அவற்றைவிடப் பல மடங்கு விலை. கல்ச்சர் இடைப்பட்டது, செட் கூடக் கூடத் தொகையும் கூடும். கிருமி வளர்ந்தால் மருந்துப் பட்டியலுக்குத் தனிக் கட்டணம் சேர்ப்பதும் உண்டு.

பணத்தைச் சேமிக்க வேண்டிய இடம் கல்ச்சர் அல்ல. இரண்டாவது செட் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பொருந்தாத விலை உயர்ந்த ஆன்டிபயாட்டிக்கைக் கூடுதல் நாட்கள் ஓட்டினால் அந்தச் சேமிப்பு நிற்காது.

சிஆர்பியைத் தினமும் பார்ப்பதால் பெரும்பாலான வார்டு நோயாளிகளுக்குக் கூடுதல் பயன் கிடைப்பதில்லை. ஒன்று விட்டு ஒரு நாள் பார்த்தாலே போக்கு தெரிந்துவிடும். பிசிடியை ஐசியுவில் மருந்து நிறுத்துவதற்காகத் தினமும் பார்ப்பார்கள், அதற்கு அர்த்தம் இருக்கிறது. வார்டில், மருந்து எத்தனை நாள் என்று ஏற்கனவே முடிவாகிவிட்ட ஒருவருக்குத் தினமும் பிசிடி போகிறது என்றால் பணிவாக ஒரு கேள்வி கேளுங்கள்: "டாக்டர், இந்த ரிசல்ட் ஏறினாலோ இறங்கினாலோ மருந்தில் எதாவது மாற்றுவீர்களா?" மாற்றுவோம் என்றால் அந்தப் பரிசோதனைக்குத் தரும் பணம் தகும். மாற்றமாட்டோம் என்றால் அவரே நிறுத்தச் சொல்லிவிடுவார். கோபப்பட மாட்டார்கள். நியாயமான கேள்வி என்று அவர்களுக்கும் தெரியும்.

காப்பீடு இருந்தால், ஒவ்வொரு பரிசோதனைக்கும் டாக்டர் எழுதிய சீட்டு, பில், ரிப்போர்ட் மூன்றையும் ஒன்றாகப் பின் போட்டு வையுங்கள். வெளி லேபுக்கு அனுப்பிய மாதிரிகளின் பில் தனியாக வரும், அதுதான் அடிக்கடி தொலைவது.

8. மருந்தை நிறுத்தும் பேச்சு

பிசிடி உண்மையில் கைகொடுப்பது இங்கேதான். மருந்தைத் தொடங்கலாமா என்று அதைக் கேட்காதீர்கள் என்பதே இப்போதைய கருத்து. செப்சிஸுக்கான 2021 வழிகாட்டுதல், ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முடிவை மருத்துவரின் மதிப்பீட்டை வைத்தே எடுக்கச் சொல்கிறது, பிசிடியைத் துணைக்குக் கூப்பிடச் சொல்லவில்லை. நிமோனியாவுக்கான 2019 அமெரிக்க வழிகாட்டுதலும், முதல் பிசிடி எவ்வளவு இருந்தாலும் மருந்தைத் தொடங்கவே சொல்கிறது. எவ்வளவு நாள் போதும் என்று தெளிவாகத் தெரியாத நிலையில், நிறுத்துவதற்குத் துணையாக பிசிடியைப் பார்க்கலாம் என்று 2021 வழிகாட்டுதல் சொல்கிறது.

ஐசியுவில் பொதுவாகப் பின்பற்றும் கணக்கு: உச்சத்தில் இருந்து 80 சதவீதம் குறைந்தாலோ, 0.5-க்குக் கீழே வந்தாலோ, நோயாளியும் தேறியிருந்தால் நிறுத்துவதைப் பற்றி யோசிக்கலாம். உச்சம் 20 என்றால் 4-க்கு வந்ததும். நெதர்லாந்தில் நடந்து 2016-ல் வெளியான பெரிய ஆய்வில் இந்தக் கணக்கைப் பின்பற்றியவர்களுக்கு ஆன்டிபயாட்டிக் நாட்கள் ஏழில் இருந்து ஐந்தாகக் குறைந்தன. பிரிட்டனில் 41 ஐசியுக்களில் 2,760 பேரிடம் நடந்து 2024 டிசம்பரில் வெளியான ஆய்வில், தினமும் பிசிடி பார்த்தவர்களுக்கு ஏறக்குறைய ஒரு நாள் குறைந்தது. சிஆர்பி பார்த்தவர்களுக்கு அந்தக் குறைவு தெரியவில்லை.

ஒரு நாள்தானே என்று தோன்றலாம். சிறுநீரகத்தைப் பாதிக்கும் மருந்தில் ஒரு நாள் குறைவதும், வயிற்றுப்போக்கு கண்ட முதியவருக்கு ஒரு நாள் குறைவதும் சாதாரணமல்ல.

உச்ச எண் தெரியாமல் 80 சதவீதக் கணக்குப் போட முடியாது. அதனால் முதல் இரண்டு நாள் பிசிடி எண்களைத் தவறவிடாமல் தாளில் ஏற்றுங்கள். வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றும்போது முதலில் காணாமல் போவது இவைதான். வால்வுத் தொற்று, எலும்புத் தொற்று, ரத்தத்தில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் வளர்ந்தது போன்றவற்றில் இந்தக் கணக்கு செல்லாது. அவற்றுக்கு எண் இறங்கினாலும் வாரக்கணக்கில் மருந்து போகும். பாதியில் நிறுத்தக் கேட்காதீர்கள்.

ரவுண்ட்ஸில் இரண்டு நிமிடம்தான் கிடைக்கும். நான் கடைசியில் மூன்று கேள்விகளில் நிறுத்திக்கொண்டேன்: தொற்று எங்கே என்று நினைக்கிறீர்கள்? கல்ச்சர் வந்ததும் மருந்தைக் குறுக்க (அந்தக் கிருமிக்கு மட்டும் பொருந்தும் மருந்தாக மாற்ற) முடியுமா? எந்தத் தேதியில் மருந்தை மறுபரிசீலனை செய்வீர்கள்? பதிலைத் தாளில் அவர் முன்னாலேயே எழுதுங்கள். அடுத்த ஷிப்டில் வேறு டாக்டர் வரும்போது அதுவே உங்கள் கையில் இருக்கும் ஆதாரம்.

9. டிஸ்சார்ஜ் அன்று

டிஸ்சார்ஜ் சம்மரியில் 'தொற்று சரியானது' என்ற ஒரு வரியோடு விட்டுவிடுவார்கள். இவற்றைச் சேர்க்கச் சொல்லுங்கள்: எந்த இடத்துத் தொற்று, எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்ற பட்டியல் முழுதும், எந்த ஆன்டிபயாட்டிக் எந்தத் தேதியில் இருந்து எந்தத் தேதி வரை, சிஆர்பி மற்றும் பிசிடியின் உச்ச எண், கடைசி எண், தேதியோடு. கல்ச்சர் ரிப்போர்ட்டின் பிரதியைத் தனியாக வாங்குங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி காய்ச்சல் வந்து வேறொரு டாக்டரிடம் போகும்போது, முதல் மருந்தைச் சரியாகத் தேர்வதற்கு அந்த ஒரு தாள் பெரிய உதவி.

கடைசி சிஆர்பி முழுதாக இயல்புக்கு வந்திருக்காது. அதற்காக வீட்டுக்குப் போகாமல் இருக்கத் தேவையில்லை. நோயாளி நன்றாக இருந்து எண் இறங்குமுகமாக இருந்தால் போதும், மீதி வீட்டில் இறங்கும். மறுபடி எப்போது பார்க்க வேண்டும் என்று தேதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தேதி இல்லாமல் நீங்களாக வாரத்துக்கு இரண்டு முறை சிஆர்பி பார்த்து பயப்பட வேண்டாம்.

கல்ச்சர் எடுத்த நாளில் இருந்து ஐந்து நாள் முடியும் முன்பே டிஸ்சார்ஜ் ஆனால், இறுதி ரிப்போர்ட் இன்னும் லேபில் இருக்கிறது. அதில் ஏதாவது வளர்ந்தால் யார் யாருக்குப் போன் செய்வார்கள் என்று கேட்டு, லேபின் நேரடி எண்ணையும் மாதிரியின் வரிசை எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். யாரும் கூப்பிடாவிட்டாலும் ஆறாம் நாள் காலையில் நீங்களே கூப்பிட்டு, இறுதி ரிப்போர்ட் எழுத்தில் வேண்டும் என்று கேளுங்கள்.